எந்தப் பெரியவர்கள்

பிகிட்டா,
ஜூன் 6, 2016

தாரிரோ,

நீ நலமாக இருந்தால் நானும் நலம் என்றுதான் நாம் கடிதத்தைத் தொடங்குவோம். நீ நலமாகத்தான் இருப்பாய். நான் இல்லை.

உன்னிடம் பேசிவிடலாம் என்று மூன்று தடவை செல்போனை எடுத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறினேன். சிக்னலும் கிடைத்தது, உன் குரலும் கேட்டது. என் வாய்தான் திறக்கவில்லை. "என்னடி, காத்துச் சத்தம்தான் கேக்குது, பேசு" என்று நீ சிரித்தாய். வைத்துவிட்டேன். விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்தவள் நீ. கோபம் வந்தால் எனக்கு வாய் கட்டிப்போய்விடும் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஹராரே பஸ் கண்டக்டர் இதை உன் அலுவலக வாசலிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் அண்ணன் தாபெராவைப் பிடித்துவிட்டார்கள்.

மே பதினேழு காலையில் சோளத்தட்டை வெட்டப் போனவர் வயலோரத்தில் ஒரு ஹாகாவைப் பார்த்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அழுங்கை, அந்தச் செதில் போர்த்திய எறும்புத்தின்னியை, யாரும் பார்த்து இருபது வருடமாகிறது. அண்ணன் அதைத் தன் போர்வையில் சுற்றி, துவைத்த மாவுச் சாக்கில் வைத்து, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு இனத்தலைவர் வீட்டுக்குக் கிளம்பினார். ஹாகா கண்ணில் பட்டால் அது பார்த்தவனுக்குச் சொந்தமில்லை, தலைவருக்குப் போகவேண்டியது. கொண்டுபோகாவிட்டால் மழை தவறும். இந்த வருடம் மழை ஏற்கெனவே தவறிவிட்டது. அவர் அதையும் நினைத்திருப்பார்.

வழியில் அவர் ஏறிப்போன வேனைப் போலீஸ் நிறுத்தியது. சாக்கில் என்ன என்று கேட்டார்கள். அண்ணனே அவிழ்த்து, பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டியிருக்கிறார். யாருக்கு என்றதற்குப் "பெரியவருக்கு" என்றார். வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதினார்கள். "பெரிய ஆள் ஒருவருக்கு விற்பதற்காகக் கொண்டுபோனதாக ஒப்புக்கொண்டார்." அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கையில் வைத்திருந்தாலே ஒன்பது வருடம். எனக்குச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லிக்காட்டியவளே நீதான். சிறப்புக் காரணம் இருப்பதாக நிரூபித்தால் மட்டும் நீதிபதி குறைக்கலாமாம்.

காரணம் மாவு மில் சுவரில் இருந்தது, தாரிரோ. உங்கள் வனவிலங்கு அலுவலகம் ஒட்டிய சுவரொட்டி. மேலே சிவப்புப் பட்டையில் அழிவின் விளிம்பில் நிற்கும் கறுப்புக் காண்டாமிருகம், அதன்கீழ் ஆரஞ்சில் காட்டுநாய், மஞ்சளில் சிங்கமும் சிவிங்கிப்புலியும் ஹாகாவும், கடைசியில் கவலைப்பட வேண்டாத இம்பாலா மான். அடியில் நம் மொழியில் ஒரு வரி: "ஹாகாவைக் கண்டால் பெரியவர்களிடம் ஒப்படையுங்கள்." மாவு அரைக்க நிற்கிறவர்கள் வேறு வேலையில்லாமல் அதைத்தான் படிப்பார்கள். அண்ணன் அதை நூறு தடவை படித்திருப்பார்.

அவரைப் பிடித்த அதே வாரம் வெள்ளிக்கிழமை உங்கள் வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கி அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். புதியதில் "தொடாதீர்கள். இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று இருக்கிறது. எண்ணும் இருக்கிறது. சிக்னல் இல்லாத ஊருக்கு எண்.

பழைய சுவரொட்டியில் ஒன்றையும், அது உங்களுடையதுதான் என்று ஒரு கடிதத்தையும் அனுப்பு. ஜூலை பத்தொன்பதாம் தேதி விசாரணை.

ஷுவாய்

*

ஹராரே,
ஜூன் 13, 2016

என் அன்பு ஷுவாய்,

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் நின்று படித்தேன். இரண்டாவது தடவை வீட்டில் படித்தேன். அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? நம் பட்டமளிப்பு விழாவுக்கு உன் அண்ணன் அவித்த கடலையை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து, என் அம்மாவுக்குப் பாதியைக் கொட்டிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது.

ஆனால் நீ என்னிடம் கேட்பது எளிதான காரியம் இல்லை. மேலாளரிடம் போனேன். வழக்கு முடியும்வரை அலுவலகம் எதுவும் எழுத்தில் தராது என்றார். பழைய சுவரொட்டிகள் எல்லாவற்றையும் கொளுத்தியாயிற்று. நான் பொய் சொல்லவில்லை. நானே நின்று பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. இந்த வருடம் ஹாகாவோடு பிடிபட்டவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் தலைவருக்குத்தான் கொண்டுபோனோம் என்றார்கள். ஒருவன் தலைவர் வீட்டுக்கு நேரெதிர்த் திசையில் நகரத்து ஓட்டலில் வாங்குகிற ஆளுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தான். அவனும் அதையேதான் சொன்னான். உன் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். நீதிபதிக்கு எப்படித் தெரியும்? நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு அறையில், கடத்தல்காரர்களிடம் பிடித்த ஹாகாச் செதில் என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. எத்தனை உயிர் என்று எண்ணச் சொன்னார்கள். எண்ண முடியவில்லை, எடை போட்டோம்.

அந்த ஹாகாவை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள், அது உன் அண்ணனிடம் பிடித்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேரும்போது செத்திருந்தது. வயிற்றில் குட்டி இருந்தது. வருடத்துக்கு ஒரே குட்டிதான் போடும், உனக்குத் தெரியும். உன் அண்ணன் அதைத் தூக்காமல் இருந்திருந்தால் இரண்டும் இன்று எறும்புப் புற்றைத் தோண்டிக்கொண்டு இருக்கும். இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

கடைசியாக ஒன்று. அந்தச் சொல் உன் சொல். ஆங்கிலத்தில் "அதிகாரிகள்" என்றுதான் இருந்தது. நம் மொழியில் "பெரியவர்கள்" என்று எழுதித் தந்தது நீ. வழக்கில் இதைக் கிளறினால் முதலில் வருவது உன் பெயர். அடுத்த வருடம் இங்கே நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பார்கள், நீ விண்ணப்பிக்கவேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். யோசித்துச் செய்.

நல்ல வக்கீல் வேண்டுமானால் விசாரிக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

என்றும் உன்,
தாரிரோ

*

பிகிட்டா,
ஜூன் 21, 2016

தாரிரோ,

ஆமாம், என் சொல்தான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. மே பதினேழிலிருந்து நான் அந்தச் சொல்லோடுதான் எழுந்திருக்கிறேன், அதோடுதான் படுக்கிறேன்.

அண்ணியிடம் நானே சொன்னேன். அவர் என்னை எப்போதும் பிள்ளைகளின் முறையில் "அத்தை" என்றுதான் கூப்பிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இருந்தாலும் கணவனின் தங்கை என்பதால் அந்த மரியாதை. சொன்ன அன்றைக்குக் களியைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, "படிச்சவளே, சாப்பிடு" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். படிச்சவளே, தண்ணி எடுத்துட்டு வா. படிச்சவளே, ஆடு வயல்ல மேயுது, அதுக்கும் ஒரு போஸ்டர் எழுது.

போன வாரம் சிறைக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். காய்ந்த மீன் கொண்டுபோனேன், பாதியைக் காவலர் எடுத்துக்கொண்டார். அண்ணன் இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "நீ எழுதுனதத்தானே செஞ்சேன், அப்புறம் நீ ஏன் அழுவுற?" அந்த வரி நான் எழுதியது என்று மில்லில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாராம். போலீஸிடமும் அதைத்தான் சொன்னாராம். "என் தங்கச்சி கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்தது சார், அதுல இருக்கிறபடிதான் போறேன்." எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை வேண்டும் என்பதற்காக ஏழாம் வகுப்போடு நின்றவர். தங்கை எழுதியதில் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இனத்தலைவர் வீட்டுக்கும் போனேன். வாசலில் அரசாங்கம் கொடுத்த வண்டி நின்றது. "நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, எனக்கு அவனைத் தெரியாது" என்று உள்ளிருந்தபடியே ஆள் விட்டுச் சொன்னார். அவ்வளவுதான் அவர் கதை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அண்ணன் தூக்கியதால் செத்தது என்று எழுதியிருக்கிறாய். அண்ணனின் போர்வையில் அது உயிரோடு இருந்தது. வேனில் மடியில் வைத்திருந்தபோது போர்வை வழியாக மூச்சு தெரிந்தது என்கிறார். காவல் நிலையத்தில்தான் அதற்குச் "சாட்சிப்பொருள்" என்று சீட்டுக் கட்டி இரும்பு டிரம்மில் போட்டார்கள். எறும்பைத் தவிர எதையும் தின்னாத பிராணிக்கு முட்டைக்கோஸ் இலையைக் கிழித்துப் போட்டார்கள். உங்கள் வண்டி வர நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாள், தாரிரோ. சுவரொட்டியைச் சுரண்ட வந்த வண்டி மூன்றாம் நாளே வந்துவிட்டது. குட்டியோடு அதைக் கொன்றது யார் என்று உன் மேலாளரிடம் கேட்டு எழுது.

அந்த ஏழு பேரில் பொய் சொன்னவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக நான் பேசவில்லை. ஆனால் விற்கப் போகிறவன் போலீஸ் முன்னால் தானே சாக்கை அவிழ்ப்பானா?

இன்னொன்று உனக்கு மறந்துவிட்டதா, மறந்ததுபோல இருக்கிறாயா தெரியவில்லை. அந்தச் சொல்லை எழுதும்போதே எனக்கு உறுத்தியது. என் கையெழுத்துப் பிரதியின் வலது ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தேன்: "எந்தப் பெரியவர்கள்? தலைவரா, அலுவலகமா? ஊரில் இரண்டுக்கும் இந்த ஒரு சொல்தான்." நீ பச்சை மையில் அதன்கீழேயே பதில் எழுதினாய்: "அவர்களுக்குத் தெரியும். இடம் போதாது. விடு." உன் கையெழுத்துக் குறியும் போட்டிருந்தாய். கேட்டதற்குப் பிறகும் நான் விட்டுவிட்டேன். அது என் தப்பு. விடச் சொன்னது உன்னுடையது.

சுவரொட்டியைக் கொளுத்தியிருப்பீர்கள். கையெழுத்துப் பிரதிகளை நீ கொளுத்தமாட்டாய். உன் மேசையின் கீழ் இழுப்பறையில் விடுதி மெஸ் பில்கூட இருக்கும். அந்தத் தாள் எனக்கு வேண்டும். அலுவலகம் கேள்வி வந்த பிறகும் அச்சடித்தது என்று தெரிந்தால் குற்றம் அண்ணன் தலையில் நிற்காது என்கிறார் எங்களுக்காக வாதாடும் வக்கீல் அம்மா. விடுதலையே கிடைக்கலாம் என்கிறார்.

வேலை எனக்கு வேண்டாம். தாளை அனுப்பு.

ஷுவாய்

*

ஹராரே,
ஜூலை 9, 2016

ஷுவாய்,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எங்கள் வீட்டில் என் ஒருத்தியின் சம்பளம்தான் என்று உனக்குத் தெரியும்.

நீ கேட்டதை உள்ளே வைத்திருக்கிறேன். மேலே அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் இருக்கிறது. என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இதை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் உன்னிடமே ஒரு பிரதி இருந்தது என்று சொல்.

அண்ணனுக்காக ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேண்டிக்கொண்டேன். எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் நாம் நேரில் உட்கார்ந்து பேசலாம்.

தா.

*

பிகிட்டா,
ஜூலை 30, 2016

தாரிரோ,

விசாரணை முடிந்துவிட்டது. நடந்ததை நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

உன் உறையைப் பஸ் நிறுத்தத்திலேயே பிரித்தேன். என் எழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, என் சொல் இருந்தது. வலது ஓரம் இல்லை. கிழிந்திருந்தால் எலி கடித்தது, நைந்துபோனது என்று நானே உனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். நேராக வெட்டியிருந்தாய், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு. உன் செய்நேர்த்தி எனக்குத் தெரியாதா? விடுதியில் என் ஆய்வேட்டுக்கு அட்டை வெட்டிக் கொடுத்ததே நீதானே.

வக்கீல் அம்மா தாளை வாங்கி, வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "இதுல உன் பேர் மட்டும்தான் இருக்கு, தெரியுதா?" என்றார். தெரியும் என்றேன்.

சாட்சிக் கூண்டில் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்கப் பேசும்படி நீதிபதி மூன்று தடவை சொன்னார். மில்காரர் எனக்கு முன்னால் சாட்சி சொல்லியிருந்தார்: பழைய தாளில் பெரியவர்கள் என்றுதான் இருந்தது, நான் தினமும் பார்த்தது. அரசு வக்கீல் என் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நீங்க பட்டதாரிதானே?"

"ஆமாங்க ஐயா."

"பட்டதாரிக்குப் பெரியவங்கன்னா யாருன்னு தெரியாதா?"

"தெரியும் ஐயா. அதனாலதான் கேட்டேன்."

"யாருகிட்ட கேட்டீங்க?"

"அந்தத் தாள் ஓரத்துல எழுதிக் கேட்டேன்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீதிபதியிடம் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த ஓரம்மா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

உன் பெயர் என் வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. நான் சொன்னால் உன்னைக் கூப்பிடுவார்கள், நீ இல்லையென்பாய், நான் பொய்க்காரி ஆவேன், என்னோடு சேர்ந்து அண்ணனின் கதையும் பொய்யாகிவிடும். விசாரணைக்கு முந்தின நாளே வக்கீல் அம்மா எனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் சொன்னேன்: "சொல் என்னோடது ஐயா. தப்பும் என்னோடது. அவரு நான் எழுதுனத நம்புனாரு."

அந்த ஒன்பது வருடத் தண்டனை விலகிவிட்டது. அவர் நம்பித்தான் போனார் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒரு தனிப்பட்ட பெண் தவறாக மொழிபெயர்த்தாள் என்பதற்காகச் சட்டம் இல்லாமல் போய்விடாது, அலுவலகம் அறிந்தே அச்சடித்தது என்று காட்ட எதுவும் இல்லை என்றார். இரண்டு வருடம். அதில் ஒரு வருடத்தை நிறுத்திவைத்தார். மீதி ஒரு வருடம் உள்ளே.

நீ வெட்டிய ஓரம் ஒன்றரை விரல் அகலம் இருக்கும். என் அண்ணனுக்கு அது பன்னிரண்டு மாதம். விதைப்புக்கு அவர் இல்லை, அறுப்புக்கும் இல்லை. கடைசிப் பையன் நடக்கத் தொடங்கும்போது இல்லை. உன் அம்மாவின் மருந்துக்காக வெட்டினாய் என்று எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் கோபம் குறைந்துவிடும் என்று நினைத்தேன். குறையவில்லை. நீ தாளையே அனுப்பாமல் இருந்திருந்தால்கூட உன்னைப் பயந்தவள் என்று மட்டும் நினைத்திருப்பேன். நானும் பயந்தவள்தானே. நீ உட்கார்ந்து, படித்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று அளந்திருக்கிறாய்.

கைவிலங்கோடு சிறை வண்டியில் ஏறும்போது அண்ணன் சிரிக்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அண்ணி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு என்னிடம், "கூண்டுல நின்னு சத்தமாத்தான் சொன்ன. எனக்குக் கேட்டுது" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

நேரில் உட்கார்ந்து பேசலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். கடிதமும் வேண்டாம். கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமிருந்து எதையும் வாங்கமாட்டார்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நேற்று மாலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது ஒரு ஹாகாவைப் பார்த்தேன். நான் அதை உயிரோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. முன்னங்கைகளை நெஞ்சோடு மடித்துக்கொண்டு, பின்னங்கால்களில் குனிந்து நடந்தது, கூட்டத்தில் யாருக்கும் இடையூறு இல்லாமல் நழுவிப் போகிறவர்களைப்போல. என் காலிலிருந்து நான்கு முழம் இருக்கும். ஆடுகளைக் கையால் மறித்துக்கொண்டு அது போகும்வரை நின்றேன். வழியில் மேய்ச்சலிலிருந்து வந்த இன்னொருவரும் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பாதையில் போய்விட்டார். யாரும் அதை இனித் தலைவரிடம் கொண்டுபோகமாட்டார்கள். உங்கள் எண்ணுக்கும் யாரும் அழைக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து அண்ணியிடம்கூட நான் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டத்தில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வரைபடத்தில் இந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றாவது இருக்கிறது. எந்தப் பக்கமாகப் போயிற்று என்று உனக்கு எழுதமாட்டேன்.

ஷுவாய்